வாயில்லாத மாப்பிள்ளை

அத்திபெலே என்றால் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது செக்போஸ்ட்டும் டோல்கேட்டும்தான். தீபாவளி, பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும் ராத்திரியில், ஓசூரைத் தாண்டி அந்த வண்டி வரிசையில் நின்று கால் மரத்துப் போகாத பெங்களூர்த் தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். நான் அந்த வரிசைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை, பிழைப்பு இங்கே. லாரிக்காரரிடம் பேப்பர் கேட்பார்கள், பெர்மிட் கேட்பார்கள். பேப்பரும் பெர்மிட்டும் இல்லாமல் இருநூறு வருஷத்துக்கு மேலாக எல்லை தாண்டிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அந்தக் கூட்டத்துக்குச் செதில் பூச்சி என்று பெயர். அதிலும் குறிப்பாக, யார் கண்ணிலும் படாத அதன் ஆணைப் பற்றி.

"வேற வேலை இல்லையா ஐயா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பால்கனிச் செம்பருத்தி, ஊரில் அண்ணன் போட்ட பப்பாளித் தோட்டம், கல்யாணத்துக்கு எடுத்த பட்டு, வெளிநாட்டில் பிள்ளைகள் சாப்பிடும் ரோஸ் கலர் தயிர், எல்லாவற்றிலும் இந்தப் பூச்சிக்குப் பங்கு உண்டு. பதிவு கொஞ்சம் நீளம்தான். காபியோடு உட்காருங்கள்.

முதலில் அறிமுகம். செம்பருத்திக் கிளையில் அரிசி மாவைத் தூவினாற்போல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாவுப்பூச்சி இந்தக் குடும்பம். எலுமிச்சை இலையிலும் கறிவேப்பிலைத் தண்டிலும் பழுப்புப் பொட்டு வைத்தாற்போல் அசையாமல் இருப்பதும் இதே குடும்பம். அரக்கு தருகிற பூச்சியும், சிவப்புச் சாயம் தருகிற கொச்சினீல் பூச்சியும் இதன் பங்காளிகள்தான். உலகத்தில் இதுவரை 8,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் நாம் பார்ப்பது அத்தனையும் பெண், அல்லது குஞ்சு. பெண்ணுக்குச் சிறகு கிடையாது. பல இனங்களில் காலும் பேருக்குத்தான். ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செருகிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஆணின் கதையே வேறு. முதல் இரண்டு பருவத்தில் மட்டும் செடிச் சாறு குடிக்கும். பிறகு மெழுகால் கூடு கட்டி உள்ளே படுத்துவிடும். அசுவினி, மூட்டைப்பூச்சி எல்லாம் சேர்ந்த இந்தப் பெரிய வகுப்பில் பட்டாம்பூச்சி மாதிரி கூட்டுப் பருவம் இருப்பது அபூர்வம். செதில் பூச்சியின் ஆணுக்கு அது உண்டு. வெளியே வரும்போது இரண்டு சிறகு முளைத்திருக்கும், நீளமான உணர்கொம்பு இருக்கும், வாய் மட்டும் இருக்காது. சாப்பிடவே முடியாது. சில மணி நேரம் முதல் சில நாள் வரைதான் ஆயுள். கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் பந்தியில் உட்காராமலே போய்விடுகிற மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

பெண்ணையும் ஆணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பூச்சிகளை அடையாளம் காண்பதில் மனிதர்கள் இத்தனை காலம் தடுமாறினார்கள். தடுமாறியபோதெல்லாம் யாராவது ஒருவருடைய வயலோ காசோ போனது. அந்த வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

மாம்பலத்துக் கள்ளித் தோட்டம்

ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்த பிறகு அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு கொச்சினீலுக்கு. கள்ளிச் செடியில் வளரும் பூச்சியைக் காயவைத்தால் அந்தச் சாயம். ஆனால் மூட்டையில் வந்து இறங்குவதைப் பார்த்தால் காய்ந்த மிளகு மாதிரி இருக்கும். அது விதையா, பழமா, பூச்சியா என்று ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மெல்கியோர் டி ரூஷர் என்பவர் இதற்காகப் பந்தயமே கட்டி, மெக்சிகோவில் பூச்சி வளர்ப்பவர்களிடம் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்கி, 1729ல் புத்தகமாகப் போட்டார். பூச்சிதான் என்று தீர்ப்பானது. சாயத்துக்கு எடுப்பதெல்லாம் பெண் பூச்சி. ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1786ல் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கடற்கரை உப்பு நிலத்துப் புல்லில் சிவப்புச் சாறு விடும் ஒரு பூச்சியைப் பார்த்தார். "கொச்சினீல் கிடைத்துவிட்டது" என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். அந்தக் கடிதங்கள் 1788ல் மதராஸிலேயே அச்சாகின. சோதித்துப் பார்த்ததில் அது கொச்சினீல் இல்லை, சாயமும் உதவாது என்று தெரிந்தது. முதல் தடுமாற்றம்.

ஆண்டர்சன் அசரவில்லை. அசல் பூச்சி எப்படியும் வந்து சேரும், அதற்குள் தீனி தயாராக இருக்கட்டும் என்று, கம்பெனிச் செலவில் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அந்த இடம் 'மர்மலாங்'. நம் மாம்பலம்தான் அப்படிச் சிதைந்தது. இன்றைய மறைமலை அடிகள் பாலத்துக்குப் பழைய பெயர் மர்மலாங் பாலம். ஆண்டர்சனின் உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 1800 வாக்கில் இந்தத் தோட்டம் மூடப்பட்டு, செடிகள் பெங்களூர் லால்பாக்குக்கு வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு லால்பாக் போகிறீர்களே, அந்தத் தோட்டத்தின் கம்பெனிக் கால வரலாற்றில் நம் மாம்பலத்துக் கள்ளியும் ஒரு வரி.

தப்பாக வந்து சேர்ந்த பூச்சி

1795ல் கேப்டன் நீல்சன் என்ற ராணுவ அதிகாரி, இந்தியாவுக்கு வரும் வழியில் ரியோ டி ஜெனிரோவில் இறங்கியபோது, பூச்சியோடு சேர்த்துக் கள்ளியைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கம்பெனிக்குக் கொண்டாட்டம். வந்த பூச்சி இங்கிருந்த கள்ளியில் கிடுகிடுவென்று பெருகியது. மதராஸுக்கும் அனுப்பினார்கள்.

ஆனால் வந்தது அசல் இல்லை. மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது டாக்டிலோபியஸ் காக்கஸ் என்ற இனம். அதன் பெண் உருவத்தில் பெரிது, மேலே திருநீறு பூசினாற்போல் மெல்லிய பொடி. நீல்சன் கொண்டுவந்தது காட்டு இனம். உருவத்தில் சிறிது, மேலே பஞ்சு போல் மெழுகு. சாயமும் மட்டம். பொடியா பஞ்சா என்று பார்த்தாலே தெரிந்துவிடும் வித்தியாசம், அசலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு. இங்கே அப்படி யாரும் இல்லை. சாய வியாபாரக் கனவு அதோடு கலைந்தது.

பூச்சி மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. அது தின்றது சப்பாத்திக்கள்ளியின் ஒரு வகையை. வடக்கே அந்தக் கள்ளி இருந்த இடம் தெரியாமல் போனது. இதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் வேண்டுமென்றே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 1860களில் இலங்கைக்கும் போனது. ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோனதில் உலகத்திலேயே முதல் நிகழ்ச்சி என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. தப்பாக அடையாளம் கண்டதில் விளைந்த நன்மை!

ஆனால் தெற்கே பரவிக் கிடந்த கள்ளியில் இன்னொரு வகையும் இருந்தது. அதை இந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கென்று வேறொரு கொச்சினீல் இனம், டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே, 1926ல் இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தது. எங்கள் ஆச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததைச் சொல்வாள்: "வேலி வேலியா நின்ன கள்ளியெல்லாம் பஞ்சு பூத்து, தொட்டா ரத்தமா வடிஞ்சு, அப்பிடியே சரிஞ்சு போச்சுடா." ஏதோ அம்மன் கோபம் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்களாம். அந்த ரத்தம் பெண் பூச்சிகளின் சாயம். ஆணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தாலும் ஏதோ கொசு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெயர் வைத்த கதை

இலங்கையில் எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் என்று ஒருவர் இருந்தார். தேயிலைத் தோட்டக்காரராக இருந்து அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனவர். 1896 முதல் 1922 வரை ஐந்து பாகமாக இலங்கைச் செதில் பூச்சிகளைப் பற்றி எழுதிப் படத்தோடு வெளியிட்டார். ஆண் கைக்குக் கிடைத்த இனங்களுக்கு ஆணையும் வர்ணித்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்.

நீல்சனின் பூச்சிக்குக் கிரீன் 1896ல் வைத்த பெயர் 'சிலோனிகஸ்', அதாவது இலங்கைக்காரன். இந்தியாவில் கிடைத்ததை வேறு இனம் என்று நினைத்து 1908ல் 'இண்டிகஸ்' என்றார், அதாவது இந்தியாக்காரன். இரண்டும் ஒன்றே என்று 1974ல் டி லோட்டோ என்ற ஆய்வாளர் முடித்துவைத்தார். பூச்சியின் பிறந்தகமோ தென் அமெரிக்கா! பிழைக்கப் போன ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம்மை ஊரில் 'பெங்களூர்க்காரன்' என்றும் இங்கே 'தமிழ்நாட்டுக்காரன்' என்றும் சொல்கிறார்களே, அதே கணக்குதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் இந்த வேலையைச் செய்தவர் கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண அய்யர். தென்னிந்தியச் செதில் பூச்சிகளைப் பட்டியல் போட்டவர். 1940ல் அவர் எழுதிய பூச்சியியல் கையேடு ரொம்ப நாள் மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது.

பெங்களூர் தந்த இரண்டு செய்தி

அத்திபெலே இருப்பது ஆனேக்கல் தாலுகாவில். பக்கத்தில் பன்னேர்கட்டா காடு. அந்தக் காட்டில் ஜாலாரி என்ற மரம் உண்டு. மைசூர்ச் சீமையில் அரக்குப் பூச்சி வாழும் மரம் அது. 1920களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த எஸ். மஹ்திஹசன், மைசூர் அரக்குப் பூச்சி வட இந்தியப் பூச்சியிலிருந்து வேறு என்று சொல்லி 1923ல் அதற்கு 'மைசோரென்சிஸ்' என்று பெயர் வைத்தார். மகாபாரதத்து அரக்கு மாளிகை முதல் கிராமபோன் தட்டு வரை வந்த அரக்கு முழுக்கப் பெண் பூச்சி சுரப்பது என்று சொன்னால் பெரிய பொய் ஆகாது. ஆணின் பங்கு கொஞ்சம்தான்.

அரக்கில் மட்டும், ஆணைச் சாதாரண லென்ஸிலேயே பிரித்துவிடலாம். பெண்ணின் அரக்குக் கூடு உருண்டை. ஆணின் கூடு நீளமாகச் செருப்பு வடிவத்தில் இருக்கும், பின்னால் ஒரு மூடி. ஆண் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக வெளியே வரும். சில ஆண்களுக்குச் சிறகு உண்டு, சிலதுக்குக் கிடையாது.

இன்னொரு செய்தி பரம்பரையைப் பற்றியது. அமெரிக்காவில் பெர்க்லியில் ஸ்பென்சர் பிரவுனோடு மாவுப்பூச்சியின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஹெச். சரத் சந்திரா, பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மாவுப்பூச்சி ஆணுக்கு அப்பாவிடமிருந்து வருகிற குரோமோசோம் தொகுதி முழுவதும் சுருட்டி மடக்கி வேலை செய்யாமல் வைக்கப்பட்டிருக்கும். அந்த ஆண் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தன் அம்மாவிடமிருந்து வந்ததை மட்டும். பாட்டன் சொத்து மகன் வழிப் பேரனுக்கு வராத குடும்பம்! ஒரே குரோமோசோம், யாரிடமிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வேலை செய்யும், செய்யாது என்ற இந்தக் கருத்தைப் பாலூட்டிகளுக்கும் பொருத்திச் சந்திராவும் பிரவுனும் 1975ல் எழுதிய கட்டுரை மரபியலில் இன்றும் பேசப்படுவது. கண்ணுக்குத் தெரியாத மாப்பிள்ளை எங்கே கொண்டு விட்டான் பாருங்கள்.

ஆணுக்கும் ஓர் அடையாள அட்டை

செதில் பூச்சி இனங்களைப் பிரித்ததெல்லாம் பெண்ணை வைத்துத்தான். பெண்ணைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, மெழுகு சுரக்கும் துளைகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். ஆணை முறையாக ஆராயத் தொடங்கியது ரொம்பத் தாமதம். தென் ஆப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷில் தெரோன் 1958ல் ஒரு பெரிய ஒப்பீடு வெளியிட்டார். லண்டனில் எம்.எஸ்.கே. கோரி 1962ல் ஆண்களுக்கென்றே புத்தகம் எழுதினார். 1967ல் கிலியோமி இன்னொரு குடும்பத்து ஆண்களை விரிவாக எழுதினார். அப்புறம்தான் ஆணுக்கும் ஓர் அடையாள அட்டை கிடைத்தது.

இது வெறும் படிப்பாளி விவகாரம் இல்லை. பெண் பூச்சி விடும் வாசனையை ஆய்வகத்தில் தயாரித்துப் பொறி வைக்கும் முறை 1970களிலிருந்து வளர்ந்தது. அந்தப் பொறிக்கு வந்து ஒட்டுவது ஆண் மட்டும். தோட்டத்தில் எந்தப் பூச்சி வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆணைப் பார்த்து இனம் சொல்லத் தெரிய வேண்டும்!

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். மொபைலில் ஒட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தாலும் சரி. இப்படிப் பாருங்கள்:

1. சிறகை எண்ணுங்கள். ஆண் செதில் பூச்சிக்கு ஒரே ஒரு ஜோடி. மங்கலான வெண்மை, உள்ளே இரண்டே நரம்பு. பின் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கொக்கி போன்ற ஒன்று, முன் சிறகோடு மாட்டிக்கொள்ள. வெள்ளை ஈக்கும் குளவிக்கும் நான்கு சிறகு. சிறகே இல்லாத ஆண்களும் சில இனங்களில் உண்டு.

2. வாலைப் பாருங்கள். மாவுப்பூச்சி, கொச்சினீல் ஆண்களுக்குப் பின்னால் இரண்டு நீளமான வெள்ளை மெழுகு இழை. இது இருந்தால் பாதி வேலை முடிந்தது. எலுமிச்சையில் பொட்டு மாதிரி ஒட்டும் ஓட்டுச் செதில் பூச்சியின் ஆணுக்கு இந்த இழை இருக்காது. பதிலாக உடலின் நுனியில் ஊசி போல் ஓர் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும்.

3. வாயைத் தேடுங்கள். கிடைக்காது. பெரும்பாலான குடும்பங்களில் தலைக்கு அடியில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஜோடிக் கண் இருக்கும். மேலே இன்னொரு ஜோடி.

4. உணர்கொம்பைப் பாருங்கள். மணி கோத்தாற்போல் பெரும்பாலும் பத்துக் கணு, நேராக, மயிர் அடர்ந்து. குளவியின் கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும்.

5. பாதத்தைப் பாருங்கள். இதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். ஆண் செதில் பூச்சிக்கு ஒற்றை நகம். ஈ, கொசுவுக்கு இரண்டு நகம், பாதத்தில் ஐந்து கணு. இரண்டு சிறகு இருப்பதால் ஈ என்று நினைத்துவிட்டால், இந்த ஒற்றை நகம் வழக்கைத் தீர்த்துவிடும்.

'இது ஆண் செதில் பூச்சி' என்பது வரைக்கும் வீட்டிலேயே வந்துவிடலாம். 'எந்த இனம்' என்பதற்கு ஆய்வகம்தான். அங்கே மயிர் மயிராகப் பார்ப்பார்கள். நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் பப்பாளிக் கதையில் இது நிஜமாகவே வருகிறது.

பப்பாளிக்கு வந்த வினை

2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி கிடைத்தது. பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், சொந்த ஊர் மெக்சிகோ. 1998ல் ஃபுளோரிடா, 2002ல் குவாம், 2004ல் ஹவாய், 2008ல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா. விசா முத்திரை மாதிரி வரிசை. இரண்டே வருஷத்தில் தமிழ்நாட்டில் பப்பாளி மட்டுமா, மல்பெரி, மரவள்ளி, கொய்யா, பருத்தி என்று ஏறியது. கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போனது. விவசாயிகள் மருந்து அடித்தார்கள். மேலே மெழுகுப் போர்வை இருக்கிறதே, மருந்து உள்ளே இறங்கவில்லை. வாரா வாரம் அடித்தும் அடங்கவில்லை. பப்பாளியை வெட்டிச் சாய்த்தவர்கள் உண்டு, மல்பெரியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. கடன் வாங்கிப் போட்ட தோட்டம் கண்ணெதிரே வெள்ளையாகி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

மல்பெரிக்காரர்கள் முதலில் இதைப் பழைய 'துக்ரா' என்றே நினைக்க இடம் இருந்தது. துக்ரா என்பது மல்பெரியின் நுனி இலை சுருண்டு போகும் கேடு. அதைச் செய்வதும் ஒரு மாவுப்பூச்சிதான்: கிரீன் 1908ல் இந்தியாவிலிருந்து முதலில் வர்ணித்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. நம் பால்கனிச் செம்பருத்தியிலும் பெங்களூர்த் திராட்சையிலும் ஏறுவதும் அதே. ஆனால் பப்பாளிப் பூச்சி வேறு இனம், அதன் எதிரியும் வேறு. பெயர் தப்பினால் மருந்தும் தப்பும்.

இந்தப் பூச்சியை அடையாளம் காண வழி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 2002ல் அமெரிக்காவின் டக்ளஸ் மில்லர், கேரி மில்லர் இருவரும் இதன் குஞ்சு முதல் ஆண் வரை எல்லாப் பருவத்தையும் வர்ணித்திருந்தார்கள். ஆண் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம், மார்புப் பகுதி அகலம், கொம்பில் பத்துக் கணு. நெருங்கிய சொந்தக்கார இனங்களிலிருந்து பிரிப்பது எது தெரியுமா? கொம்பில் பருத்த, சதைப்பிடிப்பான மயிர் இருக்கும். காலில் அந்த மாதிரி மயிர் இருக்காது. அவ்வளவுதான். மயிரிழையில் வித்தியாசம் என்பது இதுதான்.

பெயர் உறுதியானதும் வழி திறந்தது. அமெரிக்க நாடுகளில் இதே பூச்சியை அடக்கிய மூன்று குட்டிக் குளவி இனங்கள் இருந்தன. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அவை பெங்களூருக்கு வந்தன. ஹெப்பாளில் இருக்கும் பூச்சிகள் பணியகம் வாங்கிச் சோதித்து வளர்த்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மற்ற நிலையங்களும் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் கெட்டிக்காரி. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐந்து வருஷத்தில் இதனால் கிடைக்கும் பயன் 50 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்குப் போட்டது.

இப்போது ஆணை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது விளங்கும். மாவு பிடித்த பப்பாளி இலையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏதோ பறக்கிறது. அது மாவுப்பூச்சியின் ஆணாகவும் இருக்கலாம், அதைக் கொல்ல வந்த குளவியாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே அவசரத்தில் திரியும். 'பறக்க ஆரம்பிச்சுடுச்சு, அடி மருந்தை' என்று கிளம்பினால், மெழுகுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. வெளியே திரியும் குளவிதான் சாகும். காப்பாற்ற வந்தவளைக் கொன்றுவிட்டுக் கள்ளனைக் காவல் வைத்த கதை. சிறகு இரண்டா நான்கா, வால் இழை உண்டா இல்லையா, கொம்பு நேரா மடக்கா. மூன்று கேள்வி கேட்டுவிட்டு மருந்து டப்பாவைத் திறங்கள். ஊரில் தோட்டம் வைத்திருக்கும் அப்பா, அண்ணனுக்கும் போனில் சொல்லுங்கள்.

கடல் கடந்து இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சைவக் குடும்பங்கள் டப்பாவில் இ120 என்ற எண்ணைப் பார்த்தால், அது கொச்சினீல் சாயம். 2012ல் ஸ்டார்பக்ஸ் ஸ்ட்ராபெர்ரி பானத்தில் இதைப் போட்டது வெளியே தெரிந்து, எதிர்ப்பு வந்து, நிறுத்தினார்கள்.

இரண்டாவது, பெட்டியில் கறிவேப்பிலைக் கன்றும் செம்பருத்திக் கம்பும் மறைத்து எடுத்துப் போகிறவர்களுக்கு. ஆசை புரிகிறது. ஆனால் மேலே சொன்ன ஃபுளோரிடா, குவாம், ஹவாய் வரிசையை நினைத்துப் பாருங்கள். சிறகு முளைத்த ஆண் பறந்து போவது பக்கத்துக் கிளை, மிஞ்சினால் பக்கத்து மரம். அதோடு ஆயுள் முடிந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போனதெல்லாம் சிறகே இல்லாத பெண்ணும் அதன் குஞ்சும்தான். ஒரு கம்பில், ஒரு கன்றில், யாரோ ஒருவருடைய பெட்டியில் போனவை. விமான நிலையத்தில் செடி இருக்கிறதா என்று கேட்டு ஒரு கட்டம் போட்டிருக்கிறார்களே, அதில் உண்மையை எழுதுங்கள். போகிற ஊரிலும் யாரோ ஒருவர் கடன் வாங்கித் தோட்டம் போட்டிருப்பார்.